மூன்று முறை கழுவிய மணல்

ஒரு காலத்தில் நானும் எல்லாச் சித்திர ஆசிரியர்களையும் போல வாவியைப் பென்சிலால் கீறிக்கொண்டிருந்தவள்தான். தண்ணீர், தண்ணீரின் மேல் பாலம், கரையில் கவிழ்த்துப் போட்ட தோணி. யுத்த காலத்தில் ஒருநாள் பட்டணத்திலிருந்து என் ஊரான செட்டிபாளையத்துக்குத் திரும்பும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையிலிருந்த கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்த சிப்பாய், பாலம் இருந்த பக்கத்தில் நின்றுவிட்டான். தூண்களை விரலால் எண்ணினான். பிறகு தன் பெரியவனைக் கூப்பிட்டான். அவனும் எண்ணினான். மத்தியானம் தொடங்கி நாலு மணிவரை என்னை ஒரு மர வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். ஏன் பாலத்தைக் கீறினாய் என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. வடிவாயிருந்தது, கீறினேன் என்றேன். அந்தப் பதிலை நம்பக்கூடியவர்கள் அன்றைக்கு அங்கே யாரும் இருக்கவில்லை. பாடசாலை அதிபர் வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கொப்பி திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு இருக்கிற இடம் எதையும் நான் கீறவில்லை. இல்லாத இடங்களைச் செய்யத் தொடங்கினேன். மேலே ஒரு வெளிர் பட்டை, நடுவில் கபிலம், கீழே கறுப்பு. பாலமில்லை, தூணில்லை, எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அரூபம் என்று இதற்குப் பெயர் சொல்வார்கள். தூர தேசங்களில் பெரிய சிந்தனைகளில் பிறந்ததாகப் பாடப்புத்தகத்தில் இருக்கும். நானே பிள்ளைகளுக்கு அப்படித்தான் படிப்பித்தேன். என்னுடையது அந்த வாங்கில் பிறந்தது.

வர்ணம் வாங்குவதையும் விட்டேன். பட்டணத்துக்குப் போய் வாங்கிவருகிற குழாய்களையும் சாவடியில் பிதுக்கிப் பார்ப்பார்கள். ஆகவே நிலத்தில் கிடந்ததை எடுத்து நிலத்தைச் செய்தேன். வெள்ளைக்குக் கடல் மணல். கறுப்புக்கு, அலை வடிந்த பிறகு கரையில் கோடாகத் தங்குகிற கருமணல். சாம்பல் நிறத்துக்கு வாவிச் சேற்றைக் காயவைத்து இடித்த தூள். சிவப்புக்கு, வாவியோரத்தில் தானாக உரிந்து விழுகிற கண்ணா மரத்துப் பட்டை. தென்னையின் பன்னாடையைப் பிரித்து ஒட்டினால் மழை வருகிற வானம் மாதிரி இருக்கும். அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன், படுவான்கரையில் வயல் செய்கிறவர். உமியும் வைக்கோலும் அவருடைய வட்டையிலிருந்து சாக்கில் வரும். வாவிக்கு மேற்கே இருக்கிற அந்த நெல் நாட்டைத்தான் படுவான்கரை என்போம். சூரியன் படுகிற கரை. நாங்கள் இருக்கிற கடல் பக்கம் எழுவான்கரை.

பலகை காத்தான்குடியில் ஒரு மரக்காலையில் கிடைக்கும். காக்கா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற அந்த முஸ்லிம் முதலாளி ஒட்டுப்பலகைத் துண்டுகளை எனக்காக ஒதுக்கி வைப்பார். ஒருமுறை கேட்டார்: "டீச்சர், கோவிக்கப்படா. மண்ண ஒட்டி ஆருக்குக் குடுக்கப் போறீங்க? மண்ணு எல்லார்ட்டயும் இரிக்கே." எனக்குக் கோபம் வந்தது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேலையில் எனக்குச் சில சட்டங்கள் இருந்தன. நிலத்தில் கிடப்பது மட்டும்தான் படத்துக்குள் வரும். பறித்தது வராது, வாங்கியது வராது, வீட்டுப் பொருள் வராது. இரண்டாவது சட்டம் மணலைப் பற்றியது. கடல் மணலில் உப்பு இருக்கும். மாரியில் உப்பு வியர்க்கும், பசை விட்டுவிடும். அதனால் மணலைக் கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, காயவைத்து, அரிதட்டில் அரிக்க வேண்டும். தட்டில் தங்குகிற சிப்பித் துண்டு, ஊரி என்கிற கடல் நத்தையின் ஓடு, கல் எல்லாம் கப்பி. கப்பியை வீட்டின் பின்னால் தென்னை அடியில் கொட்டிவிடுவேன். பத்துப் பதினைந்து வருடக் கப்பி அங்கே வெள்ளையாக மேடு தட்டிக் கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் முகத்துக்காக ஒரு சொல் சொல்கிறவள் இல்லை. கூடாத படத்தை நல்ல படம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சித்திரப் போட்டியில் மேலிடத்து அதிகாரி ஒருவரின் மகளுக்கு மூன்றாம் இடம் கொடுத்துவிட்டு, அதன் விளைவாக ஒரு வருடம் இரண்டு பஸ் மாறிப் போகிற பாடசாலைக்குப் போயிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை. "உன்ட வாய் இரிக்கே, ஒரு காலத்தில உனக்கு எதிரா வரும்" என்று அக்கா சொல்வாள். வாய் எதிராக வரவில்லை. கை வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். அம்மாவின் கடல் பக்கத்து வீடு அக்காவுக்குப் போனது. தெருவுக்கு மேற்கே, வாவிப் பக்கம் கட்டிய சின்ன வீடு எனக்கு. நான் கல்யாணம் முடிக்கவில்லை. ஆகவே அந்த வீட்டில் நானும் சாக்குகளும் பலகைகளும் இருந்தோம். அக்காவுக்கு என் படங்கள் பிடிக்காது. வந்தால் மூக்கைப் பொத்துவாள். சேறு மணக்குது என்பாள். அவளுக்கு நெடுங்காலம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பிள்ளைக்குத்தான் என் குப்பைகள் எல்லாம் பொக்கிஷம்.

அவளுக்கு ஏழு வயது நடந்த வருடத்துக் கார்த்திகையில் ஒருநாள், சட்டைப் பாவாடையில் மணலை ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். அவர்கள் முற்றத்து மணல். நிறையச் சிப்பியும் இருந்தது.

"சின்னம்மா, எங்கட வீட்டப் படம் செய்வமா?"

"வீடு செய்யிறதில்ல" என்றேன். "மண்ண வேணுமெண்டா ஒட்டலாம். கழுவோணும். நாலஞ்சு நாளாகும்."

"இண்டைக்கே."

முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பேசினாள். நான் யாருக்கும் வளைந்து கொடுக்காதவள், அந்தப் பிள்ளைக்கு வளைந்தேன். என் வாழ்க்கையில் கழுவாத மணலில் செய்த ஒரே படம் அதுதான். ஒரு முழப் பலகையில் மேலே பன்னாடை, நடுவில் உமி, கீழே அகலமாக அவர்கள் முற்றத்து மணல். சிப்பிகளை அவள் விருப்பத்துக்கு அழுத்தினாள். நான் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவி வந்தபோது அவள் வாயில் இரத்தம். பல் விழுந்துவிட்டதாம்.

"பல்லு எங்க?"

"அணிலுக்கு எறிஞ்சிட்டன், சின்னம்மா. கூரையில."

விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து, இதை எடுத்துக்கொண்டு புதுப் பல் தா என்று அணிலிடம் கேட்பது எங்கள் வழக்கம். சரி என்று விட்டுவிட்டேன். வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன்.

பலகை காய்வதற்குச் சுணங்கியது. மழை நாள். மார்கழியில், கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். "அவள் விடுறாளில்ல. படத்தக் கொண்டுவா எண்டு நிக்கிறாள். குடு, கொண்டுபோறன்." பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தான் படுவான்கரையில், வயல் வாடிக் குடிசையில். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் அக்காவுக்கு விரிவுரை நடத்தத் தொடங்கினேன். எந்தச் சுவரில் கொழுவ வேண்டும், வெயில் எந்தப் பக்கம் விழக் கூடாது, ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. அக்கா ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் தெருவில் சனம் ஓடிவரத் தொடங்கியது. கடல் வருகுது என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. கடல் எப்படி வரும்? அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவள் சனத்துக்கு எதிராக, கடலைப் பார்த்து ஓடினாள். படம் கக்கத்தில். தெருவில் இரண்டு பேர் அவளைப் பிடித்து மறித்துவிட்டார்கள். தண்ணீர் தெருவரைக்கும் வந்து, வேலிகளையும் கதவுகளையும் ஒரு மாட்டையும் போட்டுவிட்டுத் திரும்பியது.

பிள்ளை கிடைக்கவில்லை. அத்தான் வந்து எட்டு நாள் தேடினார். கோயில் மண்டபம், ஆஸ்பத்திரி, வாவிக்கரை, எல்லா இடத்திலும் பார்த்தோம். வீடிருந்த இடத்தில் கிணற்றின் வளையம் மட்டும் மணலுக்கு மேலே உயரமாக நின்றது. சுற்றியிருந்த மண்ணையே கடல் கொண்டுபோயிருந்தது. முற்றம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. இனி அந்த இடத்தில் வீடு கட்டவும் கூடாது என்று பிறகு சொன்னார்கள்.

பாடசாலை திறந்ததும் எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்கு நல்ல மெழுகு வர்ணப் பெட்டிகள் கொடுத்து அலையைக் கீறச் சொன்னார்கள். அப்படிக் கீறினால் மனம் ஆறுமாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தைக் கீறினார்கள்: தென்னைக்கு மேலே நிற்கும் நீல அலை. அலை நீலமில்லை, கறுப்பு, நீங்கள் கண்டதைக் கீறுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை அழுதது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அலை கறுப்புத்தான்.

அக்கா என் வீட்டில் இருந்தாள். முதல் மூன்று மாதம் அந்தப் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை எடுக்க வந்ததால்தான் அவள் தப்பினாள். அதற்காக என்னையும் படத்தையும் அவள் மன்னிக்கவில்லை. வாயால் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, படத்தின் முன் நின்றாள். நெடுநேரம் நின்றாள். வலது பக்கக் கீழ் மூலையை ஒரு விரலால் தொட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்குப் பிறகு ஒருநாள் தவறாமல் அந்த மூலையைத் தொட்டாள்.

நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்ல நாணமாயிருக்கிறது. என் அக்காவுக்குக் கடைசியில் அரூபம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த மூலையில்தான் மணல் உமிக்குள் சரிகிறது, படத்தின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறது, படிப்பில்லாத ஒருத்திக்கும் துக்கம் அதைக் காட்டிவிட்டது என்று. பாடசாலையில் இரண்டொரு ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

கடல் சத்தம் கேட்கிற வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. அத்தான் தன் ஊருக்கு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் கூட்டிப் போனார். வீடில்லாத பெண்ணாக மாப்பிள்ளை ஊருக்குப் போகிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான். அந்த அவமானத்தைக் கூட அவள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு உடுப்புப் பையும் தலையணை உறையில் போட்ட படமும் மட்டும் கொண்டுபோனாள்.

இரண்டு வருடம் போயிருக்கும், படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. ஒவ்வொருவரும் கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்தார்கள். அக்கா படத்தைக் கொண்டுவந்தாள். துறையில் வைத்துச் சோதனை. ஒரு சிப்பாய் தலையணை உறையை உருவிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினான். தெரிந்த தமிழில் கேட்டான்: "இது என்ன?"

"மண்" என்றாள் அக்கா.

அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். அத்தான்தான் எனக்கு இதைச் சொன்னார். என் வேலையைப் பற்றி இவ்வளவு நேராக வேறு யாரும் சொன்னதில்லை.

என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். "உன்ட வீட்டில கடல் கேக்கும்" என்று சொல்லி, அத்தானின் ஆட்களோடு அகதி முகாமிலேயே இருந்துவிட்டாள். கூடாரத்துக்குள் பகலில் அவியும், விடிய விடிய வியர்க்கும். கழுவாத மணல் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. மணல் பொருபொருவென்று உதிர்ந்தது. ஒவ்வொரு நாளும் உதிர்ந்ததை விரலால் ஒற்றி எடுத்து ஒரு பால்மா டின்னில் சேர்த்து வைத்தாள். முகாமைக் கலைத்து, ஊருக்குப் போகலாம் என்று விட்டபோது, படத்தையும் டின்னையும் கொண்டுவந்து என் கையில் தந்தாள். வலது மூலை மட்டும் உதிராமல் இருந்தது. அந்த இடத்தில் சோற்றைப் பிசைந்து அவளே அப்பியிருந்தாள். அது கறுத்துக் கட்டிபட்டுப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

"இத ஒட்டித் தா. ஒண்டும் கூட்டாத. ஒண்டும் குறைக்காத."

"எனக்குத் தெரியும் அக்கா."

"உனக்குத் தெரியும் எண்டுதான் பயமாக் கிடக்கு" என்றாள்.

தொழில் தெரிந்தவளுக்குப் புத்தி சொல்கிறாளே என்று எனக்கு எரிச்சல். மறுகா பார்ப்போம் என்று படத்தை அலுமாரிக்கு மேலே போட்டேன். ஒரு மாரி போனது, இன்னொன்றும் போனது.

யுத்தம் முடிந்த அந்த வைகாசியில்தான் கையில் எடுத்தேன். வன்னியிலிருந்து வருகிற செய்திகளை வானொலி ஒரு விதமாகவும் சனம் இன்னொரு விதமாகவும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். யாரும் யாரோடும் நின்று பேசவில்லை. கைக்கு ஏதாவது வேலை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அத்தோடு, வெள்ளிக்கிழமை வருகிறேன், படம் வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்.

இந்த முறை முறைப்படி செய்வேன் என்று முடிவெடுத்தேன். இனி இந்தப் படம் உதிரக் கூடாது, அவள் இனிமேல் தரையில் மணல் பொறுக்கக் கூடாது. முதலில் அந்தச் சோற்றுக் கட்டியைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பிறகு முழுப் பலகையையும் சுரண்டினேன். சுரண்டியதையெல்லாம் டின்னில் இருந்ததோடு சேர்த்து வாளியில் போட்டு மூன்று முறை கழுவினேன். வெயிலில் காயவைத்து அரிதட்டில் அரித்தேன். நல்ல சிப்பிகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு கப்பியை வழக்கம் போல் தென்னை அடியில் கொட்டினேன். மணல் அவ்வளவு வெள்ளையாக வந்தது. ஒட்டி முடித்தபோது, பழைய படத்தைவிட நன்றாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை வரும்போது யுத்தம் முடிந்துவிட்டதென்று அறிவித்து நாலு நாள். பட்டணத்துப் பக்கம் இன்னும் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் சந்தியிலும் கொடி கட்டச் சொல்லிக் கட்டியிருந்தது. அக்கா தோணியில் கடந்து, சந்தியிலிருந்து நடந்து வந்தாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நேரே படத்தின் முன் போய் நின்றாள். விரல் மூலைக்குப் போனது. அங்கே தடவியது. பிறகு மற்றப் பக்கம் தடவியது. பிறகு உள்ளங்கையால் முழு மணலையும் தடவினாள்.

"பல்லு எங்க?" என்றாள்.

"என்ன பல்லு?"

"பிள்ளேட பல்லு. இந்த மூலையில கிடந்திச்சே. எங்க?"

அவள் என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்டைக்கு விழுந்த பல்ல அவள் கூரையில எறியல்ல. சிப்பியோட சிப்பியா இதில ஒட்டிப்போட்டாள். வந்து என்ட காதுக்குள்ள சொன்னாள். சின்னம்மாக்குச் சொல்லாத அம்மா, நிலத்தில கிடந்ததத்தான் ஒட்டோணும் எண்டு ஏசுவா, பிடுங்கிப் போடுவா எண்டு சொன்னாள். சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தனான். அதாலதான் இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லல்ல."

அந்தப் பிள்ளையின் உடம்பில் இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பல். அதைத்தான் அக்கா ஒவ்வொரு காலையிலும் தொட்டாள். அதைக் காப்பாற்றத்தான் சோற்றை அப்பினாள். நான் ஏசுவேன் என்று பயந்த பிள்ளை அதை என்னிடமிருந்து ஒளித்தாள். அவள் பயந்தது சரிதான். நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

பின்னால் ஓடினோம். தென்னை அடியில் என் பதினைந்து வருடத்துக் கப்பி வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆயிரக்கணக்கான வெள்ளைத் துண்டுகள், எல்லாம் பல் அளவு. நான் கொட்டிய இடத்தைக் கோழிகள் கிளறி நாலு பக்கமும் இறைத்திருந்தன.

மூன்று நாள் தேடினோம். அக்கா அரிதட்டோடு ஒரு பக்கம், நான் சுளகோடு மறுபக்கம். சந்தியில் வெடிச் சத்தம் கேட்கும்போது இருவரும் கையை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்வோம். ஒவ்வொரு துண்டையும் அக்கா தன் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். நொறுங்கினால் சிப்பி. துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவள் உதடு கிழிந்து இரத்தம் வந்தது. போதும் அக்கா என்றேன். "நீ பறையாத" என்றாள். அந்த மூன்று நாளில் அவள் எனக்குச் சொன்னது அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவள் எழும்பி வந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் சின்னதாக, மஞ்சள் படிந்த ஒரு வெள்ளைத் துண்டு.

"இது" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். ஊரியின் நுனி. உடைந்து, கடல் தேய்த்து மழுங்கியது. ஒரு பக்கத்தில் சுருளின் கடைசி வரி மங்கலாகத் தெரிந்தது. பல்லுக்குச் சுருள் இருக்காது. பதினைந்து வருடமாக இவற்றைப் பொறுக்குகிற எனக்கு அதைப் பார்க்க ஒரு கணம் போதும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒருநாளும் முகத்துக்காக ஒரு சொல் சொல்லாதவள் என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்.

"ஓம் அக்கா" என்றேன். "இதுதான்."

அதே மூலையில், அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், பசை வைத்து அழுத்தினேன். அடுத்த நாள் காலை அவள் படத்தைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு தோணி ஏறினாள்.

இரண்டு மாதம் கழித்து, அவளைப் பார்க்க வாவியைக் கடந்து போனேன். அத்தான் போட்ட புதுக் குடிசையில் படம் நடுச் சுவரில் தொங்கியது. அன்று அங்கே தங்கினேன். காலையில் அக்கா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து படத்தின் முன் நின்றாள். நான் பாயில் எழும்பி உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை எழும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தென்னை அடியில் கையை நீட்டியபோதே தெரிந்துதான் நீட்டினாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

அவள் திரும்பி வருவதற்குள் எழும்பிப் போய்ப் படத்தின் கீழே தரையைத் தடவிப் பார்த்தேன். ஒரு மணல் கூட உதிர்ந்திருக்கவில்லை.